விதைப்புக்கு வந்தவர் வகையறா

மார்கரெட் மடியில் ஒரு ஃபைல் இருந்தது. சும்மா ஃபைல் இல்லை. பட்டா மாற்றக் கேட்டுத் தாலுகா ஆபீசுக்கு இருபது வருடம் அலைந்தவர் கையில்கூட அவ்வளவு பருமனான ஃபைலை நான் பார்த்ததில்லை. நீல அட்டை, உள்ளே கண்ணாடித்தாள் உறைகள், ஒவ்வொரு உறையிலும் ஒரு பழைய காகிதத்தின் நகல், ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாக ஒட்டுச் சீட்டுகள்.

எதிர் நாற்காலியில் என் பெரியத்தான், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன். கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். மாடு வாங்கப் போனவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல அந்த ஃபைலை ஒரு பார்வை பார்த்தார்.

"கேளு கோமதி," என்றார் என்னிடம். "இவிய எந்த வகையறா?"

நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூலில் நான். இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் இங்கிலீஷ். தரையில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சளோடு இரண்டு தாம்பூலத் தட்டுகள் காத்திருந்தன. அந்தத் தட்டுகள் கை மாறினால் என் மகள் உமாவுக்கு மார்கரெட்டின் மகனோடு கல்யாணம் நிச்சயம். மாறாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றே மூன்று கேள்வி

எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டாரிடம் மூன்று கேள்விதான். எந்த ஊர்? எந்த வகையறா? குலசாமி எது? பையன் என்ன படித்தான், என்ன வேலை பார்க்கிறான் என்பதெல்லாம் பெண்கள் அடுக்களையில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சில்லறை விஷயங்கள்.

கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் எப்போதும்வென்றான் பக்கம் எங்கள் ஊர். 'எப்போதும்வென்றான்' பக்கத்து ஊரின் பெயர்தான். ஆனால் பெரியத்தான் அதைத் தனக்குக் கொடுத்த பட்டம் மாதிரியே நடந்துகொள்வார். எங்கள் வம்சத்துக்கு ஆலமரத்து வகையறா என்று பெயர். ஆலமரம் எங்கே என்று கேட்காதீர்கள். நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து தேடுகிறேன், ஒரு விழுதைக்கூடக் காணோம்.

குலசாமி கரையடி மாடன். கண்மாய்க் கரையில் ஒரு கல். மாடனும் ஒரு காலத்தில் மனிதராக இருந்தவர்தான். களவு மாடு ஓட்ட வந்தவர்களைத் தனியாளாக மறித்து நின்று, குத்தை நெஞ்சில் வாங்கி விழுந்தவர். முதுகில் வாங்கவில்லை. அதை அழுத்திச் சொல்லாவிட்டால் பெரியத்தானுக்குச் சோறு இறங்காது. நான் புதுப்பெண்ணாக வந்தபோது கள்ளர்கள் ஏழு பேர். போன கோயில் கொடையில் கதை சொன்னபோது இருபத்தொரு பேர் ஆகிவிட்டார்கள். நான் இருக்கும்போதே நூறு ஆகும் என்று நம்புகிறேன்.

"நாம ஓடுன வம்சம் இல்லலே!" கதை எப்போதும் அப்படித்தான் முடியும்.

இந்த ஓடாத வம்சத்துத் தலைமகன், நாய் கடித்து ஊசி போடக் கூட்டிப்போனபோது, சிரிஞ்சைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக டவுன் பஸ் ஏறிவிட்டார். நான் சொல்லவில்லை. அவர் சம்சாரமே, என் ஓரகத்தி, ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லும் கதை இது.

உமா போட்ட நிபந்தனை

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். இரண்டு பக்கத்தையும் இணைத்துவிட்டு, காதில் விழுவதை விழாததுபோல உட்கார்ந்திருப்பது எங்கள் தொழில். ஆனால் உமா அமெரிக்காவிலிருந்து, "அம்மா, டேனியல்னு ஒருத்தர்..." என்று ஆரம்பித்தபோது தொழில் தர்மமெல்லாம் பறந்துவிட்டது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பசித்தது. சரி என்றேன்.

"எனக்கு அப்பா இல்ல. பெரியப்பா கையால தாரை வார்த்துக் குடுத்தாத்தான் கட்டிக்கிடுவேன். அவிய வரலன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்," என்றாள். ஆறாம் வகுப்பில் அப்பாவைப் பறிகொடுத்தவள். அதற்குப்பின் வாரம் தவறாமல் சாக்குப் பையோடு பஸ் ஏறிக் கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து, "ஏட்டி, படிக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் அவர்தான்.

பெரியத்தானிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மீசையைத் தடவினார்.

"வெள்ளைக்காரனா இருந்தா இருந்துட்டுப் போறான். ஆனா வகையறா தெரியாத எடத்துல நான் தட்டு மாத்த மாட்டேன்."

அமெரிக்காவில் எவனுக்குத் தன் பூட்டன் பெயர் தெரியப்போகிறது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் மார்கரெட்டைச் சேர்க்க மறந்துவிட்டார்.

மார்கரெட் ஒரு நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைப்போலவே கணவரை இழந்தவர். பத்து வருடமாக அவருக்கு ஒரே பைத்தியம், கணவர் வீட்டு முன்னோர்களைத் தேடுவது. கல்லறைகளில் பாசி சுரண்டிப் பெயர் படிப்பார். அவர் ஃபைலை எடுத்தால் பிள்ளைகளுக்கெல்லாம் அவசர வேலை வந்துவிடுமாம். அப்பேர்ப்பட்டவரிடம் பூமியின் மறுகோடியிலிருந்து ஒருவர், 'நீங்கள் எந்த வகையறா?' என்று கேட்டிருக்கிறார். போனிலேயே அழுதுவிட்டாராம்.

மாசி மாதம் மகனையும் ஃபைலையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். மதுரையிலிருந்து கோவில்பட்டி வரை ரயிலில் ஃபைல் அவர் மடியைவிட்டு இறங்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். ஊரில் பெரியத்தான் வீடு போய்ச் சேர்வதற்குள் ஒரு பாக்கெட் காலி. வழியில் ரோட்டில் பாதிக்கு மேல் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். கார் அதில் ஏறிவிடக்கூடாது என்று, "நிறுத்து, நிறுத்து!" என்று டிரைவர் தோளைப் பிடித்துக்கொண்டார். நல்ல விவசாயக் குடும்பம்தான் என்று அப்போதே எனக்குப் பட்டது.

ஜேக்கப் வருகிறார்

"வகையறா பேரெல்லாம் அவங்களுக்கு இல்ல அத்தான். ஆனா தலைக்கட்டு ஆளு இருக்காரு. ஜேக்கப். மாப்பிள்ளையோட அப்பாவுக்கு, தாத்தாவோட தாத்தா."

"என்ன தொழிலு?"

"விவசாயம். பொறவு பட்டாளம்."

பெரியத்தான் லேசாக நிமிர்ந்தார். "நஞ்சையா, புஞ்சையா?"

மார்கரெட்டுக்கு அந்தக் கேள்வியைப் புரியவைக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. மழையை நம்பித்தான் என்றார்.

"புஞ்சை!" பெரியத்தான் முகத்தில் ஒரு வெளிச்சம். "என்ன வெள்ளாமை?"

"மக்காச்சோளம்."

அவ்வளவுதான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அங்கனயும் படைப்புழு உண்டுமா? காட்டுப்பன்னி வருமா?" பன்றி இல்லை, மான் வந்து தின்றுவிடும் என்றார் மார்கரெட். "மானா! மான் தேவலையே. பன்னி தூரோடல்லா சாய்க்கி." வகையறா கேட்க வந்தவர் வேளாண்மை அதிகாரி ஆகிவிட்டார். டேனியல் ஒரு மூலையில் இலைபோட்டுக் காத்திருக்கும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அப்புறம் சண்டை. அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த சண்டை, ஜேக்கப் வடக்குப் பட்டாளம் என்றேன்.

"ஏ, அந்தச் சண்டையா?" பெரியத்தான் தொடையில் தட்டினார். "அதுலதான அங்கேருந்து சீமைக்குப் பருத்தி போறது நின்னு, நம்ம கரிசப் பருத்திக்கு ஏக கிராக்கி வந்துச்சாம்! எங்க பாட்டையா சொல்லுவாரு. அப்பிடின்னா இவிய பூட்டன் துப்பாக்கி தூக்குனதுலதான் நம்ம பூட்டன் காதுல கடுக்கன் போட்டிருக்காரு!"

இதை நான் மொழிபெயர்த்ததும் மார்கரெட் பேனாவை எடுத்து ஃபைலில் குறித்துக்கொண்டார். இரண்டு பைத்தியங்களும் இப்படி ஒத்துப்போகும் என்று யார் கண்டது? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து மார்கரெட் சிவப்புச் சீட்டு ஒட்டிய பக்கத்தைத் திருப்பினார். என் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தைப்பற்றி உமா முன்பே போனில் எச்சரித்திருந்தாள். "அம்மா, ஜேக்கப் தாத்தா பட்டாளத்த விட்டு ஓடி வந்தவராம். ரெஜிஸ்டர்லயே எழுதியிருக்கு. பெரியப்பாகிட்ட மட்டும் சொல்லிராத."

இரண்டு உழவு மழை

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெரியத்தான் பதினொரு நாள் கூடவே இருந்தார். தம்பியைத் தூக்கி உட்காரவைத்து, கஞ்சி புகட்டி, தரையில் துண்டை விரித்துப் படுத்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் ஊரிலிருந்து போன் வந்தது. இரண்டு உழவு மழை பெய்திருக்கிறதாம், விதைப்புக்குப் போதுமான ஈரம்.

கரிசல் மண் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மழை பெய்தால் கால் வைக்க முடியாது, சேறு முழங்காலைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துவிடும். நடுவில் விதைக்கிற பதம் நாலைந்து நாள்தான். அதைத் தவறவிட்டால் அந்த வருடம் போயிற்று. டாக்டரும் தேவலை என்று சொல்லியிருந்தார்.

"வெதச்சிட்டு நாளன்னைக்குக் காலையில வந்துருதேன் தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார் பெரியத்தான்.

மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கியது. "அண்ணாச்சி வந்துட்டாவளா?" என்று கேட்டார். நாளைக்கு வந்துருவாவ என்றேன். இன்னும் இரண்டு தடவை அதையே கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

தகவல் போனபோது பெரியத்தான் கால் சேற்றைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தாராம். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று மட்டும் இல்லை, அதற்கப்புறமும் சரியாகப் பார்க்கவில்லை. வாரா வாரம் வருவார். வாங்க என்பேன். காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். ஆலமரத்தையும் ஊசியையும் சொல்லி நான் பண்ணும் கேலியைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு, அதில் பாதி கோபம் என்பது தெரியாது. ஓடாத வம்சமாம், தம்பியை விட்டுவிட்டு ஓடினவர் என்றுதான் உள்ளுக்குள் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு விரல்

இப்போது சிவப்புச் சீட்டுப் பக்கம். மார்கரெட் நிதானமாக வாசித்தார். பெரியத்தான் என்னைப் பார்த்தார்.

"சண்டைக்கு நடுவுல ஜேக்கப் லீவு போட்டுட்டு வீட்டுக்கு வந்தாராம்," என்றேன்.

டேனியல் உமாவிடம் கொஞ்சம் தமிழ் கற்றிருந்தான். 'லீவு' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் முகத்தைச் சுளித்து அம்மாவிடம் ஏதோ முணுமுணுத்தான். மார்கரெட் என் கையைத் தொட்டு மெல்லத் தலையாட்டினார். பொய் சேர்த்தால் பத்து வருடம் பட்ட பாட்டுக்கு அர்த்தம் இல்லை என்றார். நான் லீவிலேயே நின்றேன். உடனே அந்த அம்மாள் வலது கையின் இரண்டு விரலை ஃபைல்மேல் ஊன்றி, அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசிவரை குடுகுடுவென்று ஓடவிட்டுக் காட்டினார். நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிற மாதிரியும் செய்தார்.

அதற்கு எந்த மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படவில்லை.

அடுக்களை வாசலில் காபித் தட்டோடு ஓரகத்தி அப்படியே நின்றாள். போச்சு, என் பிள்ளையின் கல்யாணம் போச்சு என்று நினைத்தேன்.

பெரியத்தான் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த மாசம் ஓடிவந்தாரு?"

"மே மாசமாம்."

"அங்கன மக்காச்சோளம் எப்ப வெதைப்பாவ?"

கேட்டேன். "மே மாசந்தான் அத்தான்."

"வீட்டுல வேற ஆம்பளை?"

"இல்ல. மூத்த புள்ளைக்கே ஆறு வயசு. மண்ணு பதமா இருக்கு, வெதைக்கத்தான் ஆளில்லன்னு பொண்டாட்டி கடுதாசி போட்டிருக்கா. பன்னெண்டு நாள் நடந்தே வந்திருக்காரு."

"வெதச்சாரா?"

"வெதச்சாரு."

"பொறவு?"

"திரும்பிப் போயிட்டாரு. யாரும் பிடிக்க வரல, அவராவே போயிருக்காரு. தண்டனை குடுத்து வச்சுக்கிட்டாவ. அந்த வருசமே பட்டாளத்துல காய்ச்சல் வந்து செத்துப்போனாரு. அவரு வெதச்சத பொண்டாட்டிதான் அறுத்தா. அதத் தின்னு வளந்த புள்ளையோட வம்சந்தான் டேனியல்."

பெரியத்தான் எழுந்தார். தட்டுகளைத் தாண்டிக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

கொல்லையில்

பின்னாலேயே ஓடினேன். காயப்போட்டிருந்த மக்காச்சோளத்தைக் காலால் கிளறிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார்.

"லீவுன்னு சொன்னியே. என்னத்துக்கு?"

"ஓடுனவன் வீடுன்னு சொல்லி எந்திரிச்சிருவீங்களோன்னு பயந்துட்டேன் அத்தான்."

"என்னைய ஓடுனவன்னு நீ ஒரு நாளும் சொன்னதில்லையே, கோமதி."

"வாயால சொல்லல," என்றேன்.

"தெரியும். நீ வச்சிட்டுப் போற காப்பியிலயே தெரியும்." இன்னும் திரும்பவில்லை. "அவரு திரும்பிப் போய்ச் சேந்துட்டாரு. நான் போறதுக்குள்ள தம்பி போயிட்டான்."

அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இத்தனை வருடமாக நான் ஒருத்திதான் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"மழை பெஞ்சா வெதைக்கணும்லா அத்தான்," என்றேன். "அந்த வருசம் நீங்க கொண்டாந்து போட்ட கம்பும் உளுந்துந்தான் எங்க அடுப்புல வெந்துச்சு. உமா அதத் தின்னுதான் வளந்தா."

அவர் மூக்கை உறிஞ்சினார். "சோளத்துத் தூசி கண்ணுல விழுந்துட்டு," என்றார். ஓடாத வம்சம், அழாத வம்சமும்தான் போலிருக்கிறது. ஆமாம், தூசி ஜாஸ்திதான் என்றேன்.

வகையறா வைத்த கதை

உள்ளே வந்ததும் முதல் வார்த்தை, "சம்பந்தியம்மா, அவருக்குக் கல்லு இருக்கா?"

அதுவரை 'அந்தம்மா'வாக இருந்தவர் சம்பந்தியம்மா ஆகிவிட்டதை நான் மொழிபெயர்க்கவில்லை. மார்கரெட் ஃபைலைப் புரட்டி ஒரு படத்தைக் காட்டினார். புல்லுக்கு நடுவே சாய்ந்த ஒரு கல், அதில் ஜேக்கப் பெயர்.

"போதும். எங்க மாடனும் மனுசனா இருந்து செத்தவருதான். இவருதான் இனி மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி. மொதப் பத்திரிகை நாலு மூலையிலயும் மஞ்சத் தடவி அந்தக் கல்லுக்கு முன்னால வைக்கணும். மறந்துராம சொல்லு."

படையல் என்ன வைக்க வேண்டும் என்று மார்கரெட் பேனாவும் கையுமாகக் கேட்டார். கடலைமிட்டாய் வைக்கலாமா என்று ஒரு சந்தேகம் வேறு.

"எங்காளுக்குச் சுருட்டு வைக்கோம். அவருக்கு முட்டாய் வச்சா வேண்டாம்னா சொல்லப் போறாரு?"

பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தட்டைக் கையில் எடுத்தார். மார்கரெட் எழுந்து நின்று எதிர்த்தட்டை நீட்டினார். தட்டுகள் மாறின. அமெரிக்காவில் விடியுமுன் எழுந்து போனையே பார்த்துக்கொண்டிருந்த உமாவுக்குத் தகவல் சொல்ல டேனியல் வாசலுக்கு ஓடினான். அந்த ஓட்டத்தை யாரும் குறை சொல்லவில்லை.

பத்திரிகைக்கு வாசகம் எழுதும்போது மாப்பிள்ளை வீட்டு வகையறா என்ன போட என்று கேட்டேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை பெரியத்தான். "விதைப்புக்கு வந்தவர் வகையறான்னு போடு," என்றார். கோவில்பட்டி அச்சகத்திலிருந்து போன் செய்து, "அக்கா, இது சரிதானா? இப்பிடி ஒரு வகையறாவக் கேள்விப்பட்டதே இல்லையே?" என்றார்கள். சரிதான், அப்படியே அடிங்க என்றேன்.

பத்திரிகைக் கட்டு வந்த அன்று பெரியத்தானும் வீட்டுக்கு வந்தார். காபியை வைத்துவிட்டு நான் உள்ளே போகவில்லை, எதிரே உட்கார்ந்தேன். அவர் குடித்து முடித்ததும் பத்திரிகை ஒன்றை எடுத்து மஞ்சள் தடவி, என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் வைத்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மூன்று தடவை கேட்டதற்கு இப்போதுதான் பதில் சொல்ல முடிந்தது.

"அண்ணாச்சி வந்துட்டாவ," என்றேன்.